கணக்கில் வராத வயல்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் அவர் முதலில் செய்கிற காரியம், மேசை இழுப்பறையிலிருந்து சர்க்கரை பார்க்கும் சின்ன மிஷினை எடுப்பது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைப்பார். எண் பிடிக்கவில்லை என்றால் அடுத்த விரல். அதுவும் பிடிக்கவில்லை என்றால் மூன்றாவது. மூன்றில் எது குறைவோ அதை டைரியில் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டு மூடிவைப்பார். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் அந்த டைரியை டாக்டரிடம் காட்டுவார். டாக்டர் பாராட்டினார் என்று திரும்பி வந்து எங்களுக்கெல்லாம் பால்கோவா கொடுப்பார். தானும் இரண்டு விள்ளல் போட்டுக்கொள்வார்.

"மத்த ரெண்டு தடவ வந்தது என்ன ஆச்சு சார்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது மிஷின் தப்பும்மா."

மூன்று தடவையும் காட்டியது அதே மிஷின்தான்.

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. மரியாதைக்காக அல்ல. பெயரைப் போட்டுத் தேடினால் அவருடைய கட்டுரைகள்தான் வந்து விழும். அவற்றைப் படிக்க இன்னும் ஓர் ஆளை அனுப்பிவைக்க எனக்கு விருப்பமில்லை.

ராமேஸ்வரம் தீவுக்குப் போகும் சாலையில், கடலைப் பார்த்தபடி ஓர் அறக்கட்டளை நடத்திய சின்ன ஆய்வு நிலையம் அது. இப்போது பூட்டிக்கிடக்கிறது. அவர் அங்கே தலைமை விஞ்ஞானி. நான் தாவரவியல் படித்துவிட்டு வந்த புராஜெக்ட் உதவியாளர். எங்களோடு ஜெரோம் அண்ணன் இருந்தார். தீவுக்காரர், மீனவக் குடும்பம். ஜீப் ஓட்டுவதும் அவர்தான், கடல்பாசியை அரைத்துச் சாறு பிழிவதும் அவர்தான்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சார் லஞ்சம் வாங்கியவர் அல்ல. யாரையும் அதட்டியதில்லை. வெள்ளை அரைக்கைச் சட்டையும் சந்தனப் பவுடர் வாசமுமாக வருவார். என்னை "வாம்மா, போம்மா" என்றுதான் பேசுவார். ஜெரோம் அண்ணனின் மகளுக்கு நர்சிங் படிக்க இடம் வாங்க நாலு பேருக்குக் கடிதம் எழுதியவர். இதையெல்லாம் சொன்னால் அவர் மேல் எனக்கு இருக்கும் வெறுப்பு குறையும் என்று நினைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். குறையவில்லை.

ஐப்பசி பிறந்துவிட்டால் மழை சொல்வார். நிலையத்து வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்து, "புதன்கிழமை மழை" என்பார் ஜெரோம் அண்ணனிடம். என்னிடம் வெள்ளிக்கிழமை. வாட்ச்மேனிடம் ஞாயிற்றுக்கிழமை. எந்தக் கிழமை மழை வந்ததோ அந்தக் கிழமைக்குரிய ஆளை மட்டும் கூப்பிட்டு, வந்திருக்கும் விருந்தாளிகள் முன்னால் நிறுத்துவார். "இவர்ட்டயே கேளுங்க. நாலு நாள் முன்னாடியே நான் சொன்னேனா இல்லையா?" சாட்சிக்கு வந்தவர் உண்மையைத்தான் சொல்வார். அதுதான் அந்த வித்தையின் சாமர்த்தியம். ஒருவரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. மற்ற இரண்டு பேரையும் கூப்பிடாமல் இருந்தால் போதும்.

அப்போது எனக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது.

நான் சேர்ந்த வருஷம் ஒரு புராஜெக்ட் வந்தது. கடற்கரைப் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி வளர்க்கிற பாசியைப் பிழிந்து சாறெடுத்து, அதை மிளகாய்ச் செடிக்குத் தெளித்தால் காய்ப்புக் கூடுமா என்று பார்ப்பது. நல்ல கேள்விதான். எங்கள் பக்கம் மழையை நம்பி மிளகாய் போடுகிறவர்களுக்கு ஒரு பங்கு கூடினாலும் பெரிய காரியம். என்னை வேலைக்கு எடுத்ததே நான் கடலாடிப் பக்கத்துப் பெண் என்பதால்தான். ஊர் ஊராகப் போய் ஆறு விவசாயிகளைப் பேசிச் சம்மதிக்கவைத்தேன். கமுதிப் பக்கம் இரண்டு வயல், கடலாடியைச் சுற்றி நான்கு. ஒவ்வொரு வயலிலும் பாதிக்குச் சாறு கலந்த தண்ணீர், பாதிக்கு வெறும் தண்ணீர். இரண்டையும் பறித்து, காயவைத்து, எடை போட்டு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான் ஆய்வு.

ஆறில் ஒன்று பாக்கியம் அத்தையின் வயல். சொந்த அத்தை அல்ல, ஊர் முறைக்கு அத்தை. புருஷன் இறந்த பிறகு நிலத்தைத் தானே பார்த்துக்கொண்டவர். கொழுந்தன் சேதுவின் வயலும் இவருடையதும் பக்கத்துப் பக்கத்தில். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பாத்திக்கு எந்தக் கிழமை என்ன செய்தேன் என்று கேட்டால் மடமடவென்று சொல்வார். நான் நோட்டில் எழுதியது தப்பாக இருந்த இரண்டு இடங்களை அவர்தான் திருத்தினார்.

இரண்டாவது தெளிப்பு முடிந்த நாலாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது. "ஏத்தா, ஒங்க சாரக் கூட்டிட்டு வா. எலையெல்லாம் ஓரங் கருகுது."

போனோம். சார் வரப்பிலேயே நின்றுகொண்டார். காலில் ஷூ.

"சார், இங்கன எறங்கி வந்து பாருங்க. அங்கன நின்னு பாத்தா எல்லாம் பச்சையாத்தான் தெரியும்."

இறங்கினார். சாறு தெளித்த பாதியில் இலைகளின் விளிம்பு பீடி நெருப்பு பட்டதுபோல் பொசுங்கியிருந்தது. பூ உதிர்ந்து கிடந்தது. ஒரு இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது மருந்தால இல்லம்மா. வெயில்" என்றார்.

"மருந்து அடிச்ச பாத்திக்கு மட்டுந்தான் வெயிலு அடிக்குதா சார்?"

ஜெரோம் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சார் சிரித்தார். கோபப்படவே இல்லை. அந்தப் பாதியின் மூலையில் கருகாமல் நின்ற ஒரு செடியைத் தேடிக் கண்டுபிடித்து, "ஜெரோம், இத ஒரு போட்டோ எடு" என்றார்.

திரும்பும்போது ஜீப்பில் நான் சொன்னேன். கமுதிப் பக்கத்து இரண்டு வயலுக்கும் ஊருணித் தண்ணீர், நல்ல தண்ணீர். கடலாடிப் பக்கம் நாலு பேரும் கிணற்றிலிருந்து இறைத்துக் கலக்குகிறார்கள், எல்லாம் உப்பு. வெறும் உப்புத் தண்ணீர் தெளித்த பாதிக்கு ஒன்றும் ஆகவில்லை. சாறும் உப்பும் சேர்ந்த இடத்தில்தான் கருகுகிறது. அதைப் பார்க்க வேண்டாமா?

"பாக்கலாம். ஆனா சந்தேகம்னு ஒண்ணு வந்தா அது அடுத்த புராஜெக்ட்டும்மா. இந்த புராஜெக்ட்ல கேள்வி வேற."

பாக்கியம் அத்தையின் வயல் குறிப்பில் அன்று சாயங்காலம் சார் தன் கையால் எழுதியது, 'உழவரின் பராமரிப்பு போதாது.' விடிவதற்கு முன்னால் களையெடுக்கப் போகிற ஒரு மனுஷியைப் பற்றி, ஷூவோடு வரப்பில் நின்ற ஆள் எழுதினார். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியது நான்.

மாசி, பங்குனி, சித்திரை என்று பறிப்பு முடிந்தது. எல்லா எண்ணும் என் கையில் இருந்தன. கமுதி வயல் இரண்டிலும் சாறு தெளித்த பாதியில் காய்ப்பு நன்றாகவே கூடியிருந்தது. கடலாடிப் பக்கம் மூன்று வயலில் குறைந்திருந்தது. ஒன்றில் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த மாதிரிக் கணக்கில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். கிடைத்த வித்தியாசம் வெறும் தற்செயலாக வந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று கம்ப்யூட்டர் ஓர் எண்ணைச் சொல்லும். அது புள்ளி பூஜ்யம் ஐந்துக்குக் கீழே இருந்தால் பத்திரிகைக்காரர்கள் கட்டுரையை மரியாதையாகப் பார்ப்பார்கள். மேலே போனால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சார் அதைக் கதவு என்று சொல்வார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து என் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆறு வயலையும் சேர்த்துப் போட்டேன்.

"கதவு தொறக்கலையேம்மா" என்றார், பரிதாபமாக. கதவின் மேல் பரிதாபம்.

"அந்தப் பராமரிப்பு சரியில்லாத வயல எடுத்துட்டுப் போடு."

எடுத்தேன். திறக்கவில்லை.

"நாலாவதுல ஆடு மேஞ்சுதுன்னு சொன்னேல்ல?"

"வரப்போரம் ரெண்டு செடி சார். தண்ணி மட்டும் தெளிச்ச பாதியில."

"மேஞ்சது மேஞ்சதுதானே. எடுத்துடு."

இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஒன்றில் விதை பிந்திப் போட்டது. ஒன்றில் மண் வேறு. ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் கமுதி வயலில் ஒன்றில் பன்றி இறங்கி ஒரு மூலையையே உழுதுவிட்டுப் போயிருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கடைசியில் இரண்டு வயல் மட்டும் நின்றன. செடியின் உயரம், இலை, பூ, நிறம், காரம் என்று பதினோரு விதமாக அளந்து வைத்திருந்தோம். அதில் கூடியிருந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளச் சொன்னார்.

கதவு திறந்தது. என் தோளைத் தட்டினார். "பாத்தியா, எண்ணுக்குக் கூச்சம் ஜாஸ்தி. பக்கத்துல உக்காந்து பேசிப் பழகினாத்தான் வாயத் தொறக்கும்."

வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று எழுதினால் எனக்கு அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல. கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக வரும் என்று சொல்லியிருந்தார். எனக்கு அது வேண்டியிருந்தது. அழித்த விரல் என்னுடையது.

கட்டுரை வந்தது. 'இரண்டு உழவர் வயல்களில் நடத்தப்பட்ட ஆய்வு' என்று தொடங்கியது. நான்கு வயலை நீக்கினோம் என்றுகூட அதில் ஒரு வரி இல்லை. நீக்கினால்தானே நீக்கியதாகச் சொல்ல வேண்டும்? அவை இருந்ததே இல்லை. ஜெரோம் அண்ணனிடம் விவரம் சொன்னேன். சாறு பிழியும் துணியை அலசிக்கொண்டே கேட்டார். அவர்கள் ஊரில் ஜெல்லி மீனைச் சொறி என்பார்கள், தொட்டால் உடம்பெல்லாம் அரிக்கும்.

"வலையில வந்த சொறியவெல்லாம் கடல்லயே ஒதறிப்புட்டு, கரைக்கு வந்து இந்தக் கடல்ல சொறியே இல்லங்கிறாரு. நாளைக்கு எறங்குறவன் ஒடம்பு என்னத்துக்காகும்?"

நாளைக்கு இறங்கியவர் சேது.

கட்டுரையை வைத்துத் தமிழில் ஒரு கையேடு போட்டார்கள். அட்டையில் நான் ஒரு கொத்து மிளகாயைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம். அந்தப் படத்தை நாற்பது தடவை எடுத்தார்கள். கடலாடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, கையேட்டையும் சாறு கேனையும் கொடுத்தார்கள். சார் பேசி முடித்ததும் பாக்கியம் அத்தை எழுந்தார்.

"எங்க வயல்ல கருகிருச்சே சார். அத ஏன் சொல்லல?"

சார் பதில் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சேது அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்க மயினி. புத்தகத்துல அச்சடிச்சுப் போட்ருக்கான். உங்க வயலுல ஆனது நெசம்னா அதையும் போட்ருக்க மாட்டானா? உங்களுக்குப் பாக்கத் தெரியலன்னு சொல்லுங்க."

கூட்டம் சிரித்தது. பாக்கியம் அத்தை என்னைப் பார்த்தார். மேடையில் கேன்களை எண்ணிக்கொண்டிருப்பதுபோல் நான் குனிந்துகொண்டேன். அவர் உட்கார்ந்துவிட்டார். ஊரில் அதன் பிறகு கொஞ்ச நாள் அவரைக் "கருகல்" என்று கூப்பிட்டார்கள். பொறாமைக்காரி, அடுத்தவன் விளையக்கூடாது என்று நினைக்கிறவள் என்றும் பேச்சு. கண்ணால் பார்த்ததைச் சொன்னதற்கு அவருக்குக் கிடைத்த பெயர் இது.

அந்தப் பருவம் சேது தன் வயல் முழுக்கத் தெளித்தார். எங்கள் ஆய்வில் பாதிக்காவது வெறும் தண்ணீர் இருந்தது. அவர் ஒரு பாத்திகூட விடவில்லை. பூவெடுத்த சமயம். கிணற்றுத் தண்ணீர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். வேரோடு பிடுங்கிய ஒரு செடி ஒரு கையில், கையேடு மறு கையில். எங்கள் பக்கம் அப்பாவை அய்யா என்போம். அய்யா வாசலுக்குப் போய் "வா சேது, உக்காரு" என்றார். உட்காரவில்லை. கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஒங்க படத்தப் பாத்துத்தாம்மா அடிச்சேன்" என்றார். செடியையும் கையேட்டையும் படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அய்யா செடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார், "இது ஒனக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும்யா."

செடியை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

செடியை ஒரு பையில் போட்டுக்கொண்டு சாரிடம் போனேன். மேசையில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒரு வயல்தானம்மா. ஒரு வயல் டேட்டா ஆகாது."

"ரெண்டு வயல வச்சுத்தான் சார் பேப்பர் போட்டோம்."

"அது வேற, இது வேற. இவன் அளவு கூடப் போட்ருப்பான்."

"கேன்ல நீங்க போட்ட அளவுதான் சார். பக்கத்து ஊர்ல இன்னும் மூணு பேருக்குக் கருகியிருக்கு."

"அவங்களும் கூடப் போட்ருப்பாங்க" என்றார், கொஞ்சமும் தடுமாறாமல். அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இந்த ஆள் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனுக்கு உண்மை என்னவென்று தெரிந்திருக்க வேண்டும். இவர் பிடிக்காததைப் பார்க்கிற அந்த நிமிஷமே அதை மறந்துவிடக் கற்றுக்கொண்டவர். கள்ளனிடம்கூட ஒரு பயம் இருக்கும், யாராவது பார்த்துவிடுவார்களோ என்று. இவரிடம் அதுகூட இல்லை. பையை மேசையிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "டீ சொல்லவாம்மா?" என்றார்.

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். போகும்போது ஆறு வயலின் கணக்கையும் நகல் எடுத்துக்கொண்டேன். அதை முழுதாக எழுதி, எங்கள் கட்டுரையைப் போட்ட அதே பத்திரிகைக்கு அனுப்பினேன். என் தப்பையும் எழுதியிருந்தேன். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. பலன் இல்லை என்று காட்டும் ஆய்வில் வாசகர்களுக்கு அக்கறை இருக்காது, வேறு இடத்தில் முயலவும் என்று நயமாக எழுதியிருந்தார்கள். வேறு இரண்டு இடத்தில் முயன்றேன். அதே நயம். அதுவரை அவர் ஒருவர்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று விரலில் குறைந்த எண்ணை மட்டும் கேட்டு வாங்குகிற டாக்டர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள்.

சேது அந்த வருஷமே நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போனார், பனியன் கம்பெனிக்கு. போகும்போது மயினியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வெட்கம். நான் ராமநாதபுரத்தில் மண்ணும் தண்ணீரும் பரிசோதிக்கிற ஒரு சின்னக் கூடத்தில் சேர்ந்தேன்.

இரண்டு வருஷம் கழித்து சாருக்கு ஒரு விருது. ஏதோ ஒரு சங்கம் கொடுத்தது. ராமநாதபுரத்தில் விழா. பழைய சகா என்று எனக்கும் அழைப்பு வந்தது. போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஜெரோம் அண்ணன் போன் செய்தார். "ஆய்வுக்கு நெலம் குடுத்தவங்களக் கூட்டியாரச் சொல்லி வேன் அனுப்பியிருக்காங்க. ஒங்க பழைய லிஸ்ட்டத்தான் குடுத்துருக்காக. ஆறு பேரையும்." விழா ஏற்பாடு செய்தவர்களுக்கு எந்த வயல் கணக்கில் வந்தது, எது வரவில்லை என்று தெரியாது.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பாக்கியம் அத்தை முன்னால், புதுச் சேலையில். மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்ததும் சார் மைக்கைப் பிடித்தார். நன்றாகப் பேசுவார், அதைச் சொல்ல வேண்டும். விவசாயிகள்தான் உண்மையான விஞ்ஞானிகள் என்றார். கைதட்டல். "இந்தா, இந்த அம்மா மாதிரி" என்று முன்வரிசையில் கையை நீட்டினார். அவருக்கு அத்தையை அடையாளம் தெரியவில்லை. நெருப்பு பட்டதுபோன்ற அந்த இலையை வயலில் இறங்கிப் பார்க்கவைத்த மனுஷியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "மேல வாங்கம்மா. நம்ம மருந்தப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பாக்கியம் அத்தை ஏறினார். மைக்கை வாங்கி, அதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்க வயல்ல இந்த மருந்து அடிச்சு எலை கருகிப்போச்சு. பூவெல்லாம் கொட்டிருச்சு. அன்னைக்கே இந்த சார்ட்ட சொன்னேன்..."

சார் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. சிரித்தபடியே மைக்கின் மேல் கையை வைத்து வாங்கிக்கொண்டார்.

"மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி இருந்த நிலைமையச் சொல்றாங்க. எவ்வளவு கஷ்டப்பட்ருக்காங்க பாருங்க!" என்று சொல்லிவிட்டுத் தானே முதலில் கைதட்டினார். அரங்கம் மொத்தமும் தட்டியது. பாக்கியம் அத்தை வாயைத் திறந்தபடி அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றார். நான் எழுந்து, "முன்னாடி இல்ல சார், பின்னாடி!" என்று கத்தினேன். என் முன்வரிசைக்காரர் மட்டும் திரும்பிப் பார்த்தார், அவரும் தட்டிக்கொண்டேதான்.

விழா முடிந்ததும் வாசலில் சார் என்னைப் பிடித்துக்கொண்டார். உண்மையான சந்தோஷம் முகத்தில். "வந்தியாம்மா! நீ அன்னைக்கு உப்புத் தண்ணி பத்தி ஏதோ சொன்னேல்ல? நல்ல ஐடியா அது. யோசிச்சேன். அதத் தனிப் பேப்பராப் போடலாம். அந்த நாலு வயல் கணக்கு ஒங்கிட்ட இருக்குமே, கொண்டா. ஒன் பேர ரெண்டாவதாப் போட்டுர்றேன்."

நான் அவர் பொன்னாடையைப் பார்த்துவிட்டுப் படியிறங்கினேன்.

மறுநாள் பேப்பரில் படம் வந்தது. மைக்கைப் பிடித்தபடி பாக்கியம் அத்தை, பக்கத்தில் அவர். அடியில், 'கடல்பாசி மருந்தால் பயனடைந்த பெண் விவசாயி நன்றி தெரிவித்தார்.'

பேப்பரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அத்தை மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "என்னத்தா போட்ருக்கான், படி" என்றார். ஒரு நிமிஷம் மாற்றிப் படித்துவிடலாமா என்று இருந்தது. உள்ளபடியே படித்தேன்.

"நானா நன்றி சொன்னேன்?"

"அப்படித்தான் போட்ருக்கு அயித்த."

கையிலிருந்த மிளகாயைப் போட்டுவிட்டு எழுந்தார். "ஒனக்கு எழுதத் தெரியும்ல? ஒரு பெரிய அட்டை வாங்கு. நான் சொல்றத எழுது. நான் சொல்றத மட்டும் எழுது."

எழுதினேன். 'ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று தொடங்கப் போனேன். "அதெல்லாம் வேணாம். எனக்குன்னு போடு" என்றார். எந்தக் கிணறு, எந்த மாதம், ஒரு டேங்குக்கு எத்தனை மூடி மருந்து, எத்தனையாவது நாள் கருகியது, தண்ணீர் மட்டும் தெளித்த பாத்தி எப்படி நின்றது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். கமுதிப் பக்கம் ஊருணித் தண்ணீர் கலந்தவர்களுக்கு நல்ல விளைச்சல் என்று நான் சொன்னதும், "அப்ப அதையும் போடு" என்றார். கீழே 'பாக்கியம்' என்று எழுதச் சொல்லிப் பக்கத்தில் கைநாட்டு வைத்தார். உரக்கடைக்காரர் தன் சுவரில் ஒட்ட விடவில்லை. பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் ஒட்டினோம்.

ஒரு வாரம் கழித்து அத்தையோடு அங்கே போனபோது அட்டையின் அடியில் யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள். 'எனக்கும் கருகியது.' ஊர், பேர், கிணறு. அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே, பெரிய எழுத்தில், சாயல்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். 'எங்கள் கிணறும் உப்புதான். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சும்மா பயமுறுத்தாதீர்கள்.'

கூட வந்திருந்த ஒரு பையன் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடிக்கப் போனான். நான் அத்தைக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"ஏலே, கைய எடு" என்றார் பாக்கியம் அத்தை. "அவருக்கு ஆகலன்னா ஆகலன்னுதானே இருக்கணும். அது கெடக்கட்டும்."